பெல்ட்டைப் பார்ப்பவரும் வண்டிக்குள் நிற்பவரும்

மாதவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் இடையில் உள்ள ஒரு பார்சல் ஹப்பில் (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து வண்டி ஏற்றும் கொட்டகையில்) இரவு ஷிப்ட் லோடிங் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளை ஒழுங்காக அடுக்கும் உங்களைச் சூப்பர்வைசர் எல்லார் முன்னிலையிலும் ‘ஸ்லோ’ என்று திட்டுகிறார். வீசி எறிபவர்களை முதுகில் தட்டிக்கொடுக்கிறார். முதல் இரண்டு வாரத்து ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) கணக்கில் சேரவில்லை, கேட்டால் அதற்கும் எரிந்து விழுகிறார். இடுப்பு வேறு வலிக்கிறது. நீடிப்பதா, விடுவதா என்பது உங்கள் கேள்வி. நான் வால்டாக்ஸ் சாலையில் ஒரு லாரி ஆபீசில் மூட்டை ஏற்றத் தொடங்கி, பின்னர் ஹப்புகளில் லோடிங் சூப்பர்வைசராகப் பல ஆண்டுகள் இருந்தவன். திட்டு வாங்கியும் இருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேகம், மரியாதை, ஓ.டி. பணம், இடுப்பு வலி ஆகிய நான்கையும் நீங்கள் ஒரே ஆளின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஹப்புகளில் பெரும்பாலும் லோடுமேன் காண்டிராக்டரின் ஆள். சூப்பர்வைசரோ கம்பெனியின் ஆள், அல்லது வேறொரு காண்டிராக்டரின் ஆள். எந்த டாக்கில் (வண்டி வந்து நிற்கும் ஏற்றுமேடையில்) நிற்பது, எந்த வண்டி முதலில், எத்தனை மணிக்குள் கதவு அடைய வேண்டும் என்பவை சூப்பர்வைசரின் கையில் இருக்கின்றன. சம்பளம், ஓ.டி., பி.எஃப்., விடுப்பு ஆகியவை அவர் கையில் இல்லை. அவர் உங்கள் வருகையைக் குறித்து அனுப்புவார், அவ்வளவுதான். பணத்தைப் பற்றி அவரிடம் கேட்கும்போது, தன்னால் செய்ய முடியாத ஒன்றைக் கேட்டு எல்லார் முன்னிலும் தன்னைச் சிறுமைப்படுத்துவதாக அவருக்குப் படுகிறது. அதேபோல் வேலை வேகத்தைப் பற்றிக் காண்டிராக்டரிடம் முறையிட்டால், ‘சார் சொல்றதச் செய்ப்பா’ என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இராது. நான் பார்த்த சண்டைகளில் பெரும்பகுதி, சரியான விஷயத்தைத் தவறான ஆளிடம் பேசியதால் வந்தவை.

இனி சூப்பர்வைசரின் கடிகாரத்தைப் பார்ப்போம். பார்சல் ஆபீஸ்கள் பாரிமுனை, யானைக்கவுனி சந்துகளில் இருந்த காலத்தில், வண்டி நிறைந்த பிறகுதான் புறப்படும். நேரம் என்பது பேச்சுக்குத்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன, இணைய வணிகமும் பெருகியது, வேலை ஊருக்கு வெளியே பெரிய கொட்டகைகளுக்குப் போயிற்று. அதோடு வண்டிக்கு ரயில் போல நேரம் குறிக்கும் வழக்கமும் வந்தது. மதுரை இங்கிருந்து ஏறக்குறைய 460 கிலோமீட்டர், லாரிக்கு ஒன்பது பத்து மணி நேரம். காலை எட்டு மணிக்கு அங்கே பிரித்து, ஒன்பதரைக்குள் டெலிவரிப் பையன்களிடம் கொடுக்க வேண்டுமானால், இங்கே இரவு பத்து மணிக்குக் கதவு அடைத்துச் சீல் வைத்தாக வேண்டும். பத்து நாற்பதுக்குப் புறப்பட்டால், ‘ஏன்?’ என்ற போன் சூப்பர்வைசருக்கு வருவது பத்து நாற்பத்தொன்றுக்கு. அந்தப் போனில் அவர் வாங்கும் சொற்களில் ஒரு பகுதிதான் உங்களுக்கு வந்து சேர்கிறது. இது அவர் செய்வதை நியாயப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. எந்த நேரத்தில் அவரிடம் பேசினால் காதில் ஏறும், எந்த நேரத்தில் ஏறாது என்று உங்களுக்குத் தெரிவதற்காகச் சொன்னது. வண்டி அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அவரிடம் எந்த நியாயமும் பேசாதீர்கள்.

எறிபவர்கள் ஏன் பாராட்டப்படுகிறார்கள் என்பதற்குக் காரணம் மிக எளிது. சூப்பர்வைசர் நிற்பது, பெட்டிகளை வண்டி வாசலுக்குக் கொண்டுவரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில். பெல்ட் காலியாகிறதா, நிரம்பி வழிகிறதா என்பது அவர் கண்ணில் படுகிறது. கன்டெய்னரின் உள்ளே இருபது அடி ஆழத்தில் இருட்டில் என்ன நடக்கிறது என்பது படுவதில்லை. எறிந்த பெட்டி நசுங்கியது மறுநாள் காலை வேறு ஊரில், வேறு ஒருவர் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். ஆகவே உங்கள் வேலையை அவர் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் வழி. அதற்கு ஒரு கணக்கு போதும்.

32 அடி கன்டெய்னரின் உள்ளளவை நீளம் 32, அகலம் 8, உயரம் 8 அடி என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடிப் பெட்டிகளாகவே வருவதாகக் கொண்டால், குறுக்கே 5, மேலே 5, ஆக 25 பெட்டி; தரை முதல் கூரை வரை எழும் இந்த அடுக்கைத்தான் ‘சுவர்’ என்கிறேன். நீளவாக்கில் 21 சுவர். மொத்தம் 525 பெட்டி. பெட்டிக்குப் பத்துக் கிலோ என்றால் ஐந்தேகால் டன், ஒற்றை அச்சு வண்டி தாங்கும் அளவுதான். இதற்கு நான்கு மணி நேரம் கொடுத்தால் ஒரு சுவருக்குப் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேலே கிடைக்கிறது. உண்மையில் பெட்டிகள் இப்படி ஒரே அளவில் வருவதில்லை. மிக்ஸியும் வரும், மீன் தொட்டியும் வரும், இரண்டாள் நீளத்துக்குத் திரைச்சீலைக் கம்பியும் வரும். ஆனாலும் ‘சுவர்’ என்ற அளவை மனதில் வைத்து வேலை செய்பவனுக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பது எப்போதும் தெரியும். ‘முடியலண்ணா’ என்று சொல்வதற்கும், ‘அண்ணா, சேலம் வண்டில ஒன்பதாவது சுவர் ஓடுது, இந்நேரம் பன்னண்டு ஆயிருக்கணும், பெல்ட்டு வேற நெறஞ்சு கெடக்கு, அரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் குடுங்க, பத்து மணிக்குக் கதவு சாத்திடலாம்’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் சூப்பர்வைசராக இருந்தபோது நன்றாக உணர்ந்திருக்கிறேன். முதலாவதைக் கேட்டால் கோபம் வரும். இரண்டாவதைக் கேட்டால் ஆளைத் தேடத் தோன்றும். அதுவும் எட்டரை மணிக்குச் சொன்னால்தான். ஒன்பதே முக்காலுக்குச் சொன்னால் அதே வாக்கியம் சாக்குப்போக்காகிவிடும்.

எறிந்து நிரப்பிய வண்டியில் இன்னொரு குறையும் உண்டு. அதைச் சொன்னால் சூப்பர்வைசரின் காது உடனே திறக்கும். குவியலாகப் போட்ட சரக்கு ஐந்தடிக்கு மேல் ஏறாது, சரிந்துவிடும். கூரைக்கும் குவியலுக்கும் இடையில் மூன்றடிக் காற்று மதுரைக்குப் பயணம் போகிறது. அதனால் மீந்த பெட்டிகளுக்காக இன்னொரு வண்டி பிடிக்க நேர்ந்தால், அதற்கான வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீங்கள் செங்கல் அடுக்குவது போல மேல் வரிசை கீழ் வரிசையின் இணைப்பின் மேல் உட்காரும்படி, கனமானது அடியிலும் லேசானது கூரையருகிலும், லேபிள் வாசலைப் பார்த்தும் இருக்குமாறு கட்டிய சுவரை, மூன்று சுவருக்கு ஒருமுறை அவரை உள்ளே அழைத்துக் காட்டுங்கள். ஹப்புக்குள் செல்போனுக்கு அனுமதி இருந்தால் படமும் எடுத்து வையுங்கள். சீல் வைக்கும் முன் படம் எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால் இது யாருக்கும் உறுத்தாது. மறுநாள் அந்த ஊரிலிருந்து ‘டேமேஜ்’ என்று செய்தி வந்தால், உங்கள் சுவர் எப்படிக் கிளம்பியது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு தீபாவளி வாரத்து இரவு, திருநெல்வேலி வண்டி. ஐப்பசி மழை, டாக்கின் தகரக் கூரையைத் தாண்டிச் சாரல் பெல்ட் வரை வந்துகொண்டிருந்தது. ஈரம் ஏறிய அட்டைப் பெட்டி, காய்ந்த பெட்டி தாங்கும் சுமையில் பாதியைக்கூடத் தாங்காது என்பது இந்த ஊரில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருவதால் நாங்கள் ஆண்டுதோறும் படிக்கும் பாடம். உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த பையன் நல்லெண்ணெய் டின் பெட்டிகளைத் தனியே ஓரம் ஒதுக்கி, அடி வரிசைக்காகக் காத்திருந்தான். நான் பெல்ட் நிரம்புகிறதே என்ற பதற்றத்தில், ‘என்னடா அங்க கோலம் போட்டுட்டு இருக்க, ஏத்துடா’ என்று கத்தினேன். அவன் பேசாமல் டின் பெட்டிகளைத் தூக்கி, நனைந்த புடவைப் பெட்டிகளின் மேல் ஏற்றிவிட்டான். திருநெல்வேலியில் கதவைத் திறந்தபோது புடவைகள் எண்ணெயில் ஊறியிருந்தன. விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு நான் எழுதிய பதிலில் அவன் பெயர்தான் இருந்தது. என் கத்தல் இல்லை. அவனுக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. சூப்பர்வைசர் அறிக்கையில் எழுதுவதற்கும் நடந்ததற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி. அதனால்தான் படம் எடுங்கள் என்கிறேன்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். பழைய லாரி ஆபீஸ்களில் மூத்தவர்களுக்கு இருந்த அறிவு, இன்றைய ஹப்பில் கையுறை கொடுக்கும்போது கைவிடப்பட்டுவிட்டது. அவர்கள் தலையில் சும்மாடு வைத்தது வலிக்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல. சுமை உடம்பின் நடுக்கோட்டில் இறங்க வேண்டும் என்பதற்காகவும்தான். நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லை நெஞ்சுயரத்தில் நட்டதன் காரணமும் இதுவே: தனியாக வருபவன் குனியாமல் இறக்கி, குனியாமல் ஏற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நயோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் கணக்குச் சூத்திரம் இதையே எண்ணில் சொல்கிறது. எல்லாம் வாய்ப்பாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்க அளவு 23 கிலோ. அதே பெட்டி உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதிலாக 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது பாதியாகி 11.5 கிலோ, தரையிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய 18 கிலோ. உடம்பைத் திருகினால் இன்னும் குறையும்.

இதை உங்கள் டாக்கில் வைத்துப் பாருங்கள். பெல்ட் இடுப்புயரத்தில் வருகிறது. அதிலிருந்து எடுத்து, காலைத் திருப்பி, சுவரில் வைத்தால் உடம்பு தாங்கும். பெல்ட் நிரம்பியதும் ‘கீழ எறக்கிப் போடு’ என்கிறார்களே, அங்கேதான் இடுப்பு போகிறது: ஒருமுறை தூக்க வேண்டிய பெட்டியை இரண்டு முறை, அதிலும் இரண்டாம் முறை தரையிலிருந்து. எனவே வலியைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் பேசும்போது ‘இடுப்பு வலிக்குது’ என்று தொடங்காமல், ‘தரையில் இறக்குவதால் ஒவ்வொரு பெட்டியும் இரண்டு முறை கைபடுகிறது, அதனால்தான் நேரம் போகிறது, பெல்ட்டைச் சற்று நிறுத்தினால் முந்தியே முடிக்கலாம்’ என்று பேசுங்கள். உங்கள் முதுகுக்கு நல்லதும் அவர் கடிகாரத்துக்கு நல்லதும் ஒன்றாக இருக்கும் இடம் இது ஒன்றுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் உள்ளதை இரண்டு பேராகத் தூக்குங்கள், ‘தூக்கு’ என்று ஒருவர் குரல் கொடுத்தபின் தூக்குங்கள். பகலெல்லாம் வெயிலில் நின்ற கன்டெய்னர் இரவு ஒன்பதுக்கும் உள்ளே அடுப்பாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பாட்டிலை வாசலில் வைக்காமல் உங்களோடு உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.

மரியாதை பற்றி. வேலைச் சூட்டில் ‘டேய், சீக்கிரம்’ என்பது ஹப்பு மொழி. அதற்கெல்லாம் மனம் நொந்தால் ஒரு ஷிப்ட்கூட ஓட்ட முடியாது. தாய் தந்தையை இழுத்துத் திட்டுவது வேறு. அதற்கு அந்த இடத்திலேயே பதில் பேசாமல், ஷிப்ட் முடிந்து டீக்கடையில் அவர் தனியாக இருக்கும்போது, ‘வேலையைச் சொல்லுங்கண்ணா, எவ்வளவு வேணாலும் கேட்டுக்கிறேன், வீட்டு ஆளுங்களப் பேசாதீங்க’ என்று ஒருமுறை சொல்லுங்கள். பத்தில் ஏழு பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்; நிறுத்தாதவரைப் பற்றி ஹப் மேலாளருக்கு நாள், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றோடு எழுதிக் கொடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டினால் அது பேசித் தீர்க்கும் விஷயமே அல்ல. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் முன்னிலையில் அப்படி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; போக வேண்டிய இடம் காவல் நிலையம். இன்னொன்று: பீகார், ஒடிசா, அசாம் பையன்களைக் காட்டி ‘அவனுங்க எப்படி வேலை செய்யறானுங்க பார்’ என்று உங்களைத் திட்டும் சூப்பர்வைசர், அவர்களிடம் போய் உங்களைக் காட்டி வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் அந்த உத்தியைக் கையாண்டவன்தான். அதில் விழாதீர்கள், வண்டிக்குள் உங்களோடு மறுமுனையைத் தூக்கப்போவது அந்தப் பையன்தான்.

ஓ.டி. பணத்துக்கு உரியவர் காண்டிராக்டர். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்ட மாநிலம் இது. ஆனால் பண்டிகை வாரத்தில் ஹப்புக்குள் பன்னிரண்டு மணி நேரம் என்பது எந்தச் சட்டமும் இல்லாமலே நடக்கிறது. கூடுதல் நேரத்துக்குக் கூலி இரண்டு மடங்கு. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ஏற்றிய வண்டி எண் மூன்றையும் தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ‘ரொம்ப நேரம் பார்த்தேன்’ என்பதைவிட வண்டி எண் வலுவானது, ஏனென்றால் அந்த வண்டி எத்தனை மணிக்கு அடைந்தது என்பது கம்பெனியின் கணினியிலும் இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அதைக் கைவிடவில்லை, கூடவே பணி நியமனக் கடிதத்தையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் உண்மையான முதலாளி யார் என்பதே பலருக்கு அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அதைவிட அவசரம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களிடம் பிடிப்பது 0.75 விழுக்காடு, நிறுவனம் போடுவது 3.25 விழுக்காடு; 15,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 113 ரூபாய்தான். நோய்க்கான பலனைப் பெறச் சில காலம் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை, மூன்று வாரம் ஆனவருக்கும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். இதைக் கெடுப்பது ஒரே ஒரு வாக்கியம்: காலில் பெட்டி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில், ‘பைக்ல போகும்போது விழுந்தேன்னு சொல்லிடுப்பா, இல்லன்னா உனக்குத்தான் அலைச்சல்’ என்பார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு கிளம்புங்கள்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு, இந்த ஒரு மாதத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நியமனக் கடிதமும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் கேட்டு, ஏழாம் தேதி வரை பாருங்கள். இரண்டையும் தராத காண்டிராக்டரிடம், சூப்பர்வைசர் தங்கமானவராக இருந்தாலும் நீடிக்க வேண்டாம். செங்குன்றம் முதல் ஒரகடம் வரை லோடிங் ஆளுக்கு வேலை கிடைக்காத ஹப் இல்லை. காகிதங்கள் சரியாக இருந்து, குறை சூப்பர்வைசரின் வாய் மட்டும்தான் என்றால், நான் நீடிப்பேன்.

ஆனால் வலிக்கு ஒரு மாதத் தவணை கிடையாது. தசைப் பிடிப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாள் ஓய்வில் குறைய வேண்டும். வலி பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, அடுத்த ஷிப்டுக்குப் போகாமல் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள், சிறுநீர், மலம் போவதில் மாற்றம் தெரிந்தால் அந்த மணி நேரமே எந்த மருத்துவமனையாவது போய்ச் சேருங்கள். இன்றைக்கு டாக்குக்கு வர இயலாது என்பதைச் சூப்பர்வைசருக்கும், விடுப்பையும் அதற்கான மருத்துவச் சீட்டையும் காண்டிராக்டருக்கும், இரண்டு தனிச் செய்திகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போங்கள்.